பெயரடைக்கு முன் அழுத்தச் சொல்: எழுத்து ஆங்கிலத்தில் எது பொருந்தும், எது பொருந்தாது

ஆங்கிலத்தில் ஒரு பெயரடையின் அளவைக் கூட்டிக் காட்டவோ குறைத்துக் காட்டவோ அதன் முன் ஒரு வினையடை வருகிறது. "கோல்டு" என்றால் குளிர். "வெரி கோல்டு" என்றால் கடுங்குளிர். "ஃபேர்லி கோல்டு" என்றால் ஓரளவு குளிர். இப்படி அளவைக் கூட்டும் வினையடைகளே அழுத்தச் சொற்கள். வெரி, ரியலி, எக்ஸ்ட்ரீம்லி, ஹைலி, டீப்லி, அப்சல்யூட்லி, அட்டர்லி ஆகியவை எழுத்தில் அடிக்கடி காணப்படுபவை.

ராண்டால்ஃப் குவர்க்கும் மூன்று அறிஞர்களும் சேர்ந்து 1985-இல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கண நூல் இவற்றை இரண்டாகப் பிரிக்கிறது. பண்பை அதன் உச்சிக்கே கொண்டுபோய் நிறுத்துபவை ஒரு வகை; அப்சல்யூட்லி, கம்ப்ளீட்லி, அட்டர்லி இதில் அடங்கும். பண்பை மேல்நோக்கி நகர்த்துபவை இன்னொரு வகை. டீப்லி, ஹைலி, கிரேட்லி இதைச் சேர்ந்தவை. எந்த இடத்தில் எந்த வகை வரலாம் என்பதைப் பின்னால் நிற்கும் பெயரடைதான் தீர்மானிக்கிறது. இந்த அத்தியாயத்தில் வரும் விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

படி உள்ள பெயரடை, எல்லையைத் தொட்ட பெயரடை

பிக், கோல்டு, டயர்டு, ஹங்க்ரி, குட் போன்ற பெயரடைகளுக்குப் படிகள் உண்டு. ஒரு வீட்டைவிட இன்னொன்று பெரியதாக இருக்கலாம். நேற்றைவிட இன்று குளிர் கூடலாம். இவை வெரி, எக்ஸ்ட்ரீம்லி, ஃபேர்லி ஆகியவற்றை இயல்பாக ஏற்கும்.

எனார்மஸ், ஃப்ரீசிங், எக்ஸாஸ்டட், ஸ்டார்விங், எக்ஸலண்ட் ஆகியவை அதே பண்புகளின் கடைசிப் படியில் நிற்பவை. "மிக" என்னும் பொருள் அவற்றுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அதனால் "வெரி எக்ஸலண்ட்", "வெரி எனார்மஸ்" என்று எழுதினால் ஆங்கிலம் அறிந்தவர் காதுக்கு உறுத்தும். இவற்றுக்கு அழுத்தம் தேவைப்பட்டால் அப்சல்யூட்லி அல்லது கம்ப்ளீட்லி வரும்: "அப்சல்யூட்லி ஃப்ரீசிங்", "கம்ப்ளீட்லி எக்ஸாஸ்டட்". மறுபுறம் "அப்சல்யூட்லி கோல்டு", "கம்ப்ளீட்லி பிக்" என்பவை பொருந்தா. இரு வகைக்கும் தடையின்றிச் செல்லும் சொல் ரியலி. "ரியலி டயர்டு", "ரியலி எக்ஸாஸ்டட்" இரண்டும் சரியே. ஆனால் அதில் பேச்சு வாடை சற்று உண்டு. ஆய்வுக் கட்டுரையிலும் அலுவலகக் கடிதத்திலும் குறைவாகவே வரும்.

மூன்றாவதாக, உண்டு அல்லது இல்லை என்று மட்டும் சொல்லத்தக்க பெயரடைகள் இருக்கின்றன. டெட், இம்பாசிபிள், ப்ரெக்னண்ட், யூனிக் ஆகியவை அப்படிப்பட்டவை. இவற்றில் அதிகச் சண்டைக்கு உள்ளானது யூனிக். ஒன்றே ஒன்று என்ற பொருளுடைய சொல்லுக்கு முன் வெரி வரக்கூடாது என்று நடைக் கையேடுகள் பலவும் சொல்கின்றன. பேச்சிலும் விளம்பரத்திலும் "வெரி யூனிக்" தாராளமாகப் புழங்குகிறது. தேர்விலும் விண்ணப்பத்திலும் அதைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. "ஆல்மோஸ்ட் யூனிக்", "ட்ரூலி யூனிக்" என்பவற்றுக்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை. இந்த விதி இரும்பால் ஆனதும் அல்ல. 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தின் முகப்புரையே "பெர்ஃபெக்ட்" என்னும் சொல்லுக்கு முன் "மோர்" சேர்த்திருக்கிறது.

இந்தியாவில் எழுதப்படும் கடிதங்களில் "வெரி எசென்ஷியல்" நிறையக் கண்ணில் படும். எசென்ஷியல் என்றாலே இன்றியமையாதது. அதைத் தனியே விடலாம்; அழுத்தம் வேண்டுமானால் "அப்சல்யூட்லி எசென்ஷியல்" எனலாம்.

வெரி, டூ: தமிழர் வழுக்கும் இடம்

"ரொம்பச் சூடாக இருக்கிறது" என்று தமிழில் சொன்னால், நல்ல சூடு என்றும் கொள்ளலாம், குடிக்க முடியாத சூடு என்றும் கொள்ளலாம். அடுத்து வரும் பேச்சு அதைத் தெளிவாக்கிவிடும். ஆங்கிலத்தில் இந்த இரண்டு பொருளுக்கும் தனித்தனிச் சொற்கள். "வெரி ஹாட்" என்றால் சூடு அதிகம் என்பது மட்டுமே. "டூ ஹாட்" என்றால் வேண்டிய அளவைத் தாண்டிவிட்டது, அதனால் ஒரு காரியம் நடக்காது என்று பொருள்: "த காஃபி இஸ் டூ ஹாட் டு ட்ரிங்க்."

ஆகவே "ஹிஸ் லெக்சர் வாஸ் டூ குட்" என்னும் பாராட்டு, இந்தியாவுக்கு வெளியே படிப்பவரைக் குழப்பும். அளவுக்கு மீறி நன்றாக இருந்ததா, எதற்கு மீறி என்று அவர் மனம் தேடும். நண்பர்களுக்குள் பேசும்போது இது புரிந்துவிடும். எழுத்தில் "வெரி குட்" அல்லது "எக்ஸலண்ட்" என்பதே தகும். "ஐ ஆம் டூ ஹேப்பி டு அக்செப்ட்" என்ற வாக்கியம் இன்னும் சங்கடமானது. ஏற்றுக்கொள்ள முடியாத அளவு மகிழ்ச்சி என்று அது பொருள்படும். அதே இடத்தில் "ஒன்லி டூ ஹேப்பி" என்று எழுதினால் மிக்க மகிழ்ச்சியுடன் என்ற பொருள் வந்துவிடும். இது நிலைத்துவிட்ட தொடர். இதில் ஒன்லியை விடவே கூடாது.

இன்னொரு வழுக்கல் "வெரி மச்". "ஐ ஆம் வெரி மச் ஹேப்பி" என்பது பிழை. "வெரி ஹேப்பி" போதும். மச் என்பது வினையோடு சேரும்: "ஐ லைக் இட் வெரி மச்." "ஐ வெரி லைக் இட்" என்று வெரியை நேரே வினையின் முன் வைக்க முடியாது. அலைவ், அவேர் போல 'அ' ஒலியில் தொடங்கும் சில பெயரடைகள் மட்டும் "வெரி மச் அலைவ்", "வெரி மச் அவேர்" என வரும். அஸ்லீப்புக்கு "ஃபாஸ்ட் அஸ்லீப்", அவேக்குக்கு "வைடு அவேக்" என்று தனித் துணைகள் உள்ளன.

தமிழில் "மிக மிக", "ரொம்ப ரொம்ப" என்று இரட்டிப்பது இயல்பான அழுத்தம். ஆங்கிலப் பேச்சிலும் வெரியை இரட்டிப்பது உண்டு. எழுத்தில் அது குழந்தைத்தனமாகத் தோன்றும்.

சோ, சச், ஈனஃப்

சோ என்னும் அழுத்தச் சொல் எழுத்தில் தனியே நிற்பதில்லை. விளைவைச் சொல்லும் ஒரு "தட்" தொடரை எதிர்பார்க்கும். "த ரோடு வாஸ் சோ நேரோ தட் டூ பஸ்ஸஸ் குட் நாட் பாஸ்." சாலை எவ்வளவு குறுகல் என்பதை இரண்டாம் பாதி காட்டிவிடுகிறது. "த ரோடு வாஸ் சோ நேரோ" என்று நிறுத்தினால் அது பேச்சு நடை.

பெயரடைக்குப் பின் பெயர்ச்சொல்லும் வந்தால் சோவின் இடத்தில் சச் வரும். ஒருமையில் "சச் எ நேரோ ரோடு". பன்மையிலும் எண்ண முடியாத பொருளிலும் "எ" கிடையாது: "சச் நேரோ ரோட்ஸ்", "சச் ஹெவி ரெயின்". ஈனஃப் மட்டும் எப்போதும் பெயரடைக்குப் பின்னால் வரும்: "வைடு ஈனஃப்."

ஒப்பீட்டில் வெரி இல்லை

பெட்டர், லார்ஜர், மோர் யூஸ்ஃபுல் போன்ற ஒப்பீட்டு வடிவங்களின் முன் வெரி வராது. "மச் பெட்டர்", "ஃபார் லார்ஜர்", "மச் மோர் யூஸ்ஃபுல்" என்றே எழுத வேண்டும். உச்ச வடிவத்துக்கு "பை ஃபார் த பெஸ்ட்" பொருந்தும். "த வெரி பெஸ்ட்", "த வெரி லேட்டஸ்ட்" ஆகியவையும் சரி. இங்கே பொதுவாக "த" வரும்.

மோஸ்ட் என்னும் சொல்லுக்கு இரண்டு வேலைகள். "த மோஸ்ட் யூஸ்ஃபுல் புக்" என்றால் எல்லாவற்றிலும் பயனுள்ள நூல். "எ மோஸ்ட் யூஸ்ஃபுல் புக்" என்றால் மிகப் பயனுள்ள ஒரு நூல். இரண்டாவது வழக்கு பழைய மரியாதை நடை. நன்றிக் கடிதத்தில் "ஐ ஆம் மோஸ்ட் கிரேட்ஃபுல்" என்பது இன்றும் அழகாகவே இருக்கிறது.

வினையிலிருந்து பிறந்த பெயரடைகளில் கவனம் தேவை. டயர்டு, ஒர்ரீடு, இன்ட்ரஸ்டட் ஆகியவை முழுப் பெயரடைகளாகவே மாறிவிட்டவை, வெரியை ஏற்கும். டேமேஜ்டு, யூஸ்டு, அட்மையர்டு ஆகியவற்றில் வினையின் தன்மை இன்னும் மீதம் இருக்கிறது. இவற்றுக்கு "பேட்லி டேமேஜ்டு", "வைட்லி யூஸ்டு", "மச் அட்மையர்டு" என்பவையே துணை.

க்வைட்: இரு பொருள், இரு நாடு

படி உள்ள பெயரடையின் முன் க்வைட் வந்தால் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் "ஓரளவு" என்று பொருள். "க்வைட் குட்" என்று லண்டன் ஆசிரியர் எழுதினால் பரவாயில்லை என்ற அளவே. அமெரிக்கர் அதையே எழுதினால் பெரும்பாலும் நன்று என்ற முழுப் பாராட்டு. எல்லையைத் தொட்ட பெயரடையின் முன் வந்தால் இரு நாட்டிலும் "முற்றிலும்" என்று பொருள்: "க்வைட் இம்பாசிபிள்." மேற்படிப்புக்கான பரிந்துரைக் கடிதம் போன்ற இடங்களில், படிப்பவர் எந்த நாட்டார் என்று தெரியாதபோது, க்வைட்டை விட்டுவிடுவது மாணவருக்கு நல்லது.

"எ" வரும் இடமும் மாறும். "எ வெரி குட் ஐடியா" என்பதுதான் பொது ஒழுங்கு. ஆனால் க்வைட், "க்வைட் எ குட் ஐடியா" என்று முன்னே தாவும்.

ஜோடி சேரும் சொற்கள்

தமிழில் சிவப்புக்குச் செக்கச்செவேல், பச்சைக்குப் பச்சைப்பசேல், வெள்ளைக்கு வெள்ளைவெளேர். ஒன்றன் துணையை இன்னொன்றுக்கு மாற்றிச் சொல்ல முடியாது. ஆங்கில அழுத்தச் சொற்களும் பெரும்பாலும் இப்படித்தான் ஜோடி சேர்கின்றன. இதற்கு விதி கிடையாது; பழக்கம்தான் உண்டு.

ஹைலி என்பது மதிப்பீடு, வாய்ப்பு, தகுதி சார்ந்த சொற்களோடு போகும்: "ஹைலி க்வாலிஃபைடு", "ஹைலி லைக்லி", "ஹைலி ரெஸ்பெக்டட்". கண்ணால் காணும் பண்புகளோடு பொதுவாகச் சேராது. "ஹைலி டால்", "ஹைலி பியூட்டிஃபுல்" என்பவை ஆங்கிலம் ஆகா. டீப்லி உணர்ச்சியோடு செல்லும்: "டீப்லி கிரேட்ஃபுல்", "டீப்லி கன்சர்ன்டு". இரங்கற் கடிதத்திலும் மன்னிப்புக் கடிதத்திலும் "டீப்லி சாரி" தகுந்த தொடர். பிட்டர்லி குளிருக்கும் ஏமாற்றத்துக்கும் உரியது: "பிட்டர்லி கோல்டு", "பிட்டர்லி டிஸப்பாயின்டட்". நோய்க்கு "சீரியஸ்லி இல்", தாமதத்துக்கு "பெய்ன்ஃபுல்லி ஸ்லோ", தெளிவுக்கு "பெர்ஃபெக்ட்லி கிளியர்". அட்டர்லி பெரும்பாலும் கெட்டதைச் சார்ந்தே நிற்கும்: "அட்டர்லி யூஸ்லெஸ்", "அட்டர்லி ரிடிக்குலஸ்".

இந்த ஜோடிகளைக் கற்க நல்ல வழி, பெயரடையைத் தனியே மனப்பாடம் செய்யாமல் அதன் துணையோடு குறித்துக்கொள்வது. சொற்சேர்க்கை அகராதிகள் ஒவ்வொரு பெயரடையின் கீழும் அதற்குரிய வினையடைகளைத் தருகின்றன. சந்தேகம் வந்தால் அங்கே பார்க்கலாம். பார்க்க வசதியில்லாத தேர்வு அறையில் வெரி என்று எழுதிவிடலாம். படி உள்ள பெயரடைகளில் பெரும்பாலானவற்றை அது ஏமாற்றாது.

எழுத்துக்கூட்டல், இணைப்புக்கோடு

பெயரடையோடு எல், ஒய் என்னும் இரண்டு எழுத்துகள் சேர்ந்து பல அழுத்தச் சொற்கள் உருவாகின்றன. ரியல் என்பதிலேயே ஓர் எல் இருப்பதால் ரியலியில் இரண்டு எல். எக்ஸ்ட்ரீம், கம்ப்ளீட், அப்சல்யூட் ஆகியவற்றின் இறுதி 'ஈ' அப்படியே நிற்கும்; ட்ரூ மட்டும் ட்ரூலி ஆகும்போது தன் 'ஈ'யை இழக்கும். டெரிபிள், இன்க்ரெடிபிள் ஆகியவற்றின் இறுதி 'ஈ' போய் 'ஒய்' வரும். க்வைட் என்பது 'டி', 'ஈ' என்று முடியும். 'ஈ', 'டி' என்று முடிந்தால் அது அமைதி என்னும் பொருளுடைய வேறு சொல். கணினியின் பிழைதிருத்தி இந்தக் குழப்பத்தைப் பல வேளைகளில் பிடிப்பதில்லை, ஏனெனில் இரண்டுமே சரியான சொற்கள்.

எல்-ஒய்யில் முடியும் அழுத்தச் சொல்லுக்கும் பெயரடைக்கும் இடையே இணைப்புக்கோடு போடுவதில்லை. "எ ஹைலி ரெஸ்பெக்டட் ஜட்ஜ்" என்பதில் கோடு வேண்டாம். "எ வெல்-நோன் ஜட்ஜ்" என்பதில் கோடு உண்டு. பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் "த ஜட்ஜ் இஸ் வெல் நோன்" என வரும்போது அது மறைந்துவிடும்.

அளவு வரையறுக்கப்பட்ட அழுத்தம்

அழுத்தச் சொல் என்றாலே உணர்ச்சி, துல்லியம் அல்ல என்று எண்ணிவிடக்கூடாது. சில துறைகள் அதற்கு எண்ணளவு வகுத்திருக்கின்றன. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் "ஹெவி", 115.6 முதல் 204.4 வரை "வெரி ஹெவி". அதற்கும் மேல் "எக்ஸ்ட்ரீம்லி ஹெவி". தமிழ்ச் செய்திகளில் கனமழை, மிகக் கனமழை, அதி கனமழை என்று வருபவை இவைதான். செய்தி எழுதுபவர் நடை அழகுக்காக வெரியை எக்ஸ்ட்ரீம்லி என்று மாற்றினால் எச்சரிக்கையின் பொருளே மாறிப்போகும்.

பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவும் இப்படி ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. "லைக்லி" என்றால் நிகழ்வதற்கு 66 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு. "வெரி லைக்லி" என்றால் 90-க்கு மேல். "எக்ஸ்ட்ரீம்லி லைக்லி" என்றால் 95-க்கு மேல். அண்மைக் காலப் புவி வெப்ப உயர்வுக்கு மனிதச் செயலே முதன்மைக் காரணம் என்பதை 2001 அறிக்கை லைக்லி என்றது. 2007 அறிக்கை வெரி லைக்லி என்றது. 2013 அறிக்கை எக்ஸ்ட்ரீம்லி லைக்லி என்றது. 2021 அறிக்கை, மனிதச் செயலால் புவி வெப்பமடைந்துள்ளது என்பதைச் சொல்ல "அன்இக்விவக்கல்", அதாவது ஐயத்துக்கு இடமில்லாதது, என்ற சொல்லைத் தேர்ந்தது. அதன் முன் அழுத்தச் சொல் எதுவும் இல்லை. எல்லையைத் தொட்ட பெயரடைக்குத் துணை தேவைப்படவில்லை.

எப்போது விட்டுவிட வேண்டும்

அழுத்தச் சொற்கள் அதிகம் புழங்கினால் தேய்ந்துவிடும். வெரி என்பதே பழைய பிரெஞ்சு மொழியில் "உண்மையான" என்று பொருள்பட்ட சொல்லிலிருந்து வந்தது. இன்று வெறும் "மிக". அச்சம் தரும் அளவுக்கு என்று பொருள்பட்ட டெரிப்லி, ஆஃபுல்லி ஆகியவை "டெரிப்லி கைண்டு", "ஆஃபுல்லி நைஸ்" என்று பாராட்டாகவே மாறிவிட்டன. அதனால் ஒவ்வொரு தலைமுறையும் புதிய அழுத்தச் சொல்லைத் தேடுகிறது. இப்போது பேச்சில் ஓடும் சூப்பர், டோட்டலி, லிட்டரலி ஆகியவற்றை முறையான எழுத்தில் சேர்க்காதிருப்பது நல்லது.

பிரிட்டிஷ் அரசு அலுவலர்களுக்காக எர்னஸ்ட் கவர்ஸ் 1948-இல் எழுதிய கையேடும், வில்லியம் ஸ்ட்ரங்க் எழுதி 1959-இல் ஈ.பி. ஒயிட் விரிவாக்கிய நடைநூலும் இதில் ஒரே பக்கம் நிற்கின்றன: பொருளைத் துல்லியமாக்கும் அடை இருக்கலாம், அழுத்தத்துக்காக மட்டும் வருவது சந்தேகத்துக்குரியது. இதற்கு ஒரு நல்ல சோதனை, அந்த இடத்தில் ஒரு செய்தியை வைத்துப் பார்ப்பது. 1883 ஆகஸ்டில் கிரக்கட்டோவா எரிமலை வெடித்த ஓசை "எக்ஸ்ட்ரீம்லி லவுடு" என்று எழுதலாம். அது சுமார் 4,800 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ரொட்ரிகஸ் தீவில் கேட்டது என்றும் எழுதலாம். இரண்டாவதைப் படித்தவருக்கு முதலாவது தேவைப்படாது.

வலுவான பெயரடையைத் தேடுவதும் ஒரு வழி: வெரி பிக் என்பதற்கு ஹ்யூஜ், வெரி டயர்டு என்பதற்கு எக்ஸாஸ்டட். ஆனால் இதை இயந்திரம்போல் செய்யக்கூடாது. பட்டினிச் சாவுகளைப் பற்றிய அறிக்கையில் மதிய உணவு தாமதமான அலுவலரை ஸ்டார்விங் என்று எழுதினால் கேலிக்கூத்தாகும்; வெரி ஹங்க்ரிதான் அங்கே சரி.

ஒரு மனுவில் இப்படி ஒரு வாக்கியம் வருவதாகக் கொள்ளலாம்: "திஸ் வெரி எசென்ஷியல் ப்ராஜெக்ட் இஸ் டூ யூஸ்ஃபுல் ஃபார் த வெரி புவர் பீப்பிள் ஆஃப் அவர் வில்லேஜ்." மூன்று அழுத்தச் சொற்கள் இருந்தும் படிக்கும் அதிகாரிக்கு எதுவும் தெரியவில்லை, நடுவில் உள்ள டூ தவறும்கூட. இதையே "திஸ் ப்ராஜெக்ட் வில் ப்ரிங் ட்ரிங்கிங் வாட்டர் டு 400 ஹவுசஸ் இன் அவர் வில்லேஜ்" என்று எழுதினால் அழுத்தச் சொல் ஒன்றுகூட இல்லை. கோரிக்கையின் அவசரம் மட்டும் தெரிகிறது.

எழுதி முடித்தபின் ஒவ்வோர் அழுத்தச் சொல்லிடமும் மூன்று கேள்விகள் கேட்கலாம். பின்னால் நிற்கும் பெயரடைக்குப் படி உண்டா? இந்த இரண்டும் ஜோடி சேருமா? எடுத்துவிட்டால் வாக்கியம் ஏதாவது இழக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால் அந்தச் சொல் இருக்கட்டும். முதல் கேள்விக்கு இல்லை என்று வந்தால் அப்சல்யூட்லி போன்ற ஒன்றை முயலலாம். இரண்டாவதற்கு இல்லை என்றால் துணையை மாற்ற வேண்டும். மூன்றாவதற்கு இல்லை என்று வந்தால் அதை அடித்துவிடுவதே சரி.